குளிர்காலப் பருவத்தின் முதல் ஆறு வாரங்கள்: ஜெர்மனியிலுள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் குழுக்களை நடத்திவரும் தம்பி தங்கைகளுக்கும், இந்த நாட்டில் எங்களுக்கு வெகுகாலம் முன்பே வேர்விட்ட ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. வகுப்புகள் அந்த மாதத்தின் நடுவில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம் நின்று, மறுபடி பிப்ரவரி வரை நடக்கும். மார்ச் 31 அன்று பருவம் முடியும். கோடைப் பருவத்திலும் சேரலாம் என்றாலும், முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலானவை புதிய மாணவர்களைக் குளிர்காலத்தில்தான் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், டுஸ்ஸல்டார்ஃப் விமான நிலையங்களில் இரண்டு பெரிய பெட்டிகளோடும் ஒரு முதுகுப் பையோடும் நம் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களைப் பற்றியது. ஆனால் எழுதுவது உங்களுக்கு. ஏனெனில் நான் கேட்கப்போவதை அவர்களால் செய்துகொள்ள முடியாது, நம்மால்தான் முடியும்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு வார காலத்துக்கு, ஒவ்வொரு புதிய மாணவருக்கும் இங்கே ஏற்கெனவே வாழ்கிற ஒருவர் பொறுப்பு என்பதை ஒவ்வொரு ஊரின் சங்கமும் மாணவர் குழுவும் தன் முதல் வேலையாக ஏற்க வேண்டும். பெயர் எழுதி, தொலைபேசி எண் கொடுத்து, இன்னாருக்கு இன்னார் என்று ஒப்படைக்க வேண்டும். இப்போது நல்ல மனிதர் கண்ணில் பட்டால் பிழைத்தோம் என்ற நிலையில் அது அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கை மாறிவிட்டது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் உயர்கல்வி நிறுவனங்களில் படித்த இந்திய மாணவர்கள் 49,000 பேருக்கும் மேல். சீன மாணவர்களைத் தாண்டி, இங்கு படிக்கும் வெளிநாட்டவரில் இந்தியர்களே முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஊரில் பத்துப் பதினைந்து தமிழ் மாணவர்கள் இருந்த காலத்தில், புதிதாக வந்தவரை யாராவது ஒருவர் சனிக்கிழமை சமையலுக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுவார். இன்று அதே ஊரில் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். கூட்டம் பெருகியபோது, ஒவ்வொருவரும் வேறு யாரோ கவனித்துக்கொள்வார்கள் என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம்.

காலண்டரும் நம் பிள்ளைகளுக்குச் சாதகமாக இல்லை. பல படிப்புகளுக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் ஜூலை 15. அதன்பின் பரிசீலித்து அனுமதிக் கடிதம் வர ஆகஸ்ட் ஆகிவிடுகிறது, சில இடங்களில் செப்டம்பரும் ஆகிறது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பு, ஊரில் படித்த படிப்பின் ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும். கல்விக் கடனுக்கு வங்கி மேலாளரைப் பார்த்து, அந்தப் பணத்தை யூரோவாக்கி, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுன்டில் போட்டு, சென்னையில் விசாவுக்கான ஆவணங்களைக் கொடுத்துக் காத்திருந்து, பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வரும்போது இங்கே நான்கு வார வகுப்பு முடிந்திருக்கும். தாமதம் அவர்களுடைய சோம்பலால் வந்ததன்று. ஆனால் அதற்கான விலையை அவர்களே கொடுக்கிறார்கள்.

நான் வந்தது 2018 நவம்பர் 11. வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஆண்டு தீபாவளியைக் கரூரில் விசாவுக்குக் காத்திருந்தபடி கழித்தேன். மறுநாள் கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. மூன்றாம் நாள் இரவு விமானம். வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று இந்த நாட்டில் கடைகள் மூடியிருக்கும் என்ற ஒரு வரியை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெட்டியிலிருந்த பருப்புப் பொடியும் முறுக்கும் அன்றைய சாப்பாடு ஆயின. சமைக்க அரிசி கிடையாது, பாத்திரமும் கிடையாது.

ஊரிலிருந்தபடியே ஓர் இடைத்தரகர் மூலம் பிடித்த அறை அது. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். ஒரு கட்டிலுக்கு மாதம் 280 யூரோ, மூன்று மாத அட்வான்ஸ் முன்னாலேயே கட்டியாயிற்று. இரண்டாம் நாள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வீட்டுக்காரரின் உறுதிக்கடிதம் கேட்டபோது, "இந்த வீட்டில் பதிவு கிடையாது, முதலிலேயே சொன்னேனே" என்றார் அந்த இடைத்தரகர். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதன் பொருள் எனக்குப் புரிந்திருக்காது.

இதைப் படிக்கிற உங்களில் எல்லோருக்கும் அந்தப் பதிவு என்னவென்று தெரியும். ஆனால் அது இல்லாமல் ஒருவர் வாழ்கிற நாட்கள் எப்படியிருக்கும் என்பது பலருக்கு மறந்திருக்கும். புதிய வீட்டுக்குக் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்வது சட்டம். 2015 நவம்பர் முதல் அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட கடிதமும் கட்டாயம். முகவரியைப் பதிந்த தாள் இல்லாததால் நான் போன வங்கியில் கணக்குத் திறக்க மறுத்தார்கள். கணக்கு இல்லாததால் பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதப் பணம் வர வழியில்லை. அன்றைய விதிப்படி ஓராண்டுக்கான 8,640 யூரோவை, என் அப்பா நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனிலிருந்து, அந்தக் கணக்கில் போட்டிருந்தோம். என் கைப்பையில் அப்போது இருந்தது 40 யூரோ. அத்தனை பணம் என் பெயரில் இருக்க, பேருந்துக்குக் காசை எண்ணி எண்ணி நடந்தே போன அந்த மூன்று வாரத்தை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். இன்று அந்தத் தொகை 11,904 யூரோ. கடனும் அதற்கேற்பப் பெரிதாகியிருக்கிறது.

என்னை அதிலிருந்து வெளியே எடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்த ஓர் அம்மா. தமிழ்க் கடை வைத்திருந்தார். நான் இரண்டாம் முறையாக அரை கிலோ அரிசி மட்டும் கேட்டதைப் பார்த்து, "பிள்ளை, எங்க இருக்கிறீர்?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை தன் வீட்டின் மேல்தளத்தில் மகன் விட்டுப்போன அறையைக் காட்டினார். வாடகையைப் பிறகு பேசலாம் என்று சொல்லி, முதலில் அந்த உறுதிக்கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு கீழே இறங்கிப்போய், ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து, அதில் பெரிய எழுத்தில் என் பெயரை எழுதி, செல்லோடேப்பால் தபால் பெட்டியில் ஒட்டினார். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் எது, முழுதாகச் சொல்லும் என்று கேட்டு, என் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து எழுதினார்.

அந்தத் தாள் துண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்து மட்டும் கடிதம் போடமாட்டார்; பெட்டியில் பெயர் இருக்க வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் என்பது கிடையாது. முன்னெழுத்தாக நின்ற அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து, இங்கே வந்ததும் குடும்பப் பெயராகிவிடுகிறது. பேராசிரியர் நம்மை அப்பாவின் பெயர் சொல்லி அழைக்கிறார். கடிதங்கள் அப்பாவின் பெயருக்கு வருகின்றன. பிள்ளைகளோ பெட்டியில் தன் சொந்தப் பெயரை மட்டும் எழுதி ஒட்டிவிட்டு, கடிதம் வரவில்லை என்று காத்திருக்கிறார்கள். எனக்கு வந்த மருத்துவக் காப்பீட்டு அட்டை, முகவரியில் இப்பெயருடையவர் இல்லை என்ற குறிப்போடு ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறது. வரி எண்ணும் தபாலில்தான் வரும், வங்கி அட்டையின் ரகசிய எண்ணும் தபாலில்தான் வரும். ஒருவர் கூடச் சென்று ஐந்து நிமிடம் நின்றால் தீர்ந்துவிடுகிற காரியம் இது. யாரும் போகாததால் மாதக்கணக்கில் இழுக்கிறது.

எனவே சங்கங்களிடம் நான் முதலில் கேட்பது அறை. முகவரிப் பதிவோடு கூடிய அறை. அரசு ஆதரவில் இயங்கும் மாணவர் விடுதிகளில் இடம் கிடைக்கப் பெரிய ஊர்களில் ஒரு பருவத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே வேளையில், நம் மாணவர்களிலேயே பலர் இன்டர்ன்ஷிப்புக்காகவும் ஆய்வேட்டுக்காகவும் ஆறு மாதம் வேறு ஊருக்குப் போகிறார்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு அந்த அறையை உள்வாடகைக்கு விடலாம். உள்வாடகைக்கு விடும் மாணவரே பதிவுக்கான கடிதத்தையும் கொடுக்கலாம். எந்த அறை எந்தத் தேதியிலிருந்து காலி என்ற ஒரே ஒரு பட்டியலைச் சங்கம் ஜூலையிலேயே தொடங்கிப் பராமரித்தால், அக்டோபரில் எத்தனையோ பேர் தரகர் கையில் சிக்காமல் தப்பிப்பார்கள். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணத்தை அனுப்பினால் சாவி பார்சலில் வரும் என்ற பழைய மோசடியில் இன்றும் நம் பிள்ளைகள் பணத்தை இழக்கிறார்கள். ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவருக்காக நீங்கள் ஒருவர் போய் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

இதைச் சொல்லும்போதே நம் வீட்டுக் குறையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஐந்து பேர் அறையை எனக்குப் பிடித்துக்கொடுத்தவரும் தமிழரே. தான் மாதம் 600 யூரோ கொடுக்கிற வீட்டை ஐந்து கட்டிலாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலுக்கும் 280 வாங்குகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு வேறு வழி தெரியாது என்பதை வைத்துச் செய்கிற வியாபாரம் இது. சங்கம் இதைக் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது. அப்படிப்பட்டவரை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவது, அந்தக் கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளைக்கு நாம் செய்கிற துரோகம் என்பதே என் கருத்து.

அறைக்கு அடுத்து, நான் மிகவும் அஞ்சுகிற விஷயம் தேர்வு.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்து வந்தவருக்கு அரியர் என்ற சொல் தெரியும். ஒரு தாளில் தவறினால் அடுத்த பருவத்தில் எழுதலாம், அதிலும் தவறினால் அதற்கடுத்த பருவத்தில் எழுதலாம். கடைசி ஆண்டில் மொத்தமாக எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர். நடுவில் இன்டர்னல் மதிப்பெண் ஒரு கை கொடுக்கும். இந்த மனக்கணக்கோடுதான் நம் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். ஆனால் ஜெர்மனியில் பல பாடத்திட்டங்களில் ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகளே உண்டு. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாம் முறையும் தவறினால், தேர்வெழுதும் உரிமையே போய்விடுகிறது. பல்கலைக்கழகப் பதிவு நீக்கப்படுகிறது. பெரும்பாலும் இந்நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடரவும் முடியாது. படிப்பை நம்பி நிற்கிற வசிப்பு அனுமதியும் அதோடு ஆட்டங்காண்கிறது. ஒரு பாடத்துக்கு முழுப் பருவமும் படித்து, கடைசியில் தொண்ணூறு நிமிடமோ இரண்டு மணி நேரமோ எழுதுகிற ஒற்றைத் தேர்வே மொத்த மதிப்பெண்ணையும் முடிவு செய்கிறது. இங்கே எண் குறைவாக இருந்தால்தான் நல்ல மதிப்பெண்: 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தவறியாயிற்று.

தேர்வுக்குத் தானாகப் பெயர் சேராது. நாமே பதிய வேண்டும். அந்தக் கெடு துறைக்குத் துறை மாறும். பல இடங்களில் நவம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்துபோகிறது. தேர்வு மாதம் பிப்ரவரிதானே என்று நினைத்திருப்பவர் கெடுவைத் தவறவிட்டு அரை ஆண்டு இழக்கிறார். அதைவிட ஆபத்தானது மற்றொன்று. சீனியர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள் என்று ஆறு பாடத்துக்கும் பதிந்துவிட்டு, விலகுவதற்கும் ஒரு கெடு உண்டு என்பதை அறியாமல் இருந்துவிடுவது. பதிந்த தேர்வுக்கு உரிய காலத்தில் விலகாமலும் மருத்துவச் சான்று கொடுக்காமலும் போகாவிட்டால், எழுதித் தவறியதாகவே கணக்கு. மூன்று வாய்ப்பில் ஒன்று போய்விடும்.

எனக்கு அது நடந்தது. 2019 பிப்ரவரியில் கட்டுப்பாட்டுப் பொறியியல் தேர்வன்று எனக்கு 39 டிகிரி காய்ச்சல். அறையில் படுத்திருந்தேன். மருத்துவரிடம் அன்றே போய்த் தாள் வாங்க வேண்டும் என்பது தெரியாது. காய்ச்சல்காரி தேர்வுக்குப் போகாததை யார் குற்றம் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துப் பட்டியலில் 5.0 என்று பார்த்தேன். இரண்டாம் முறை எழுதித் தவறினேன். மூன்றாம் முறை அந்த அரங்கில் உட்கார்ந்தபோது என் முன்னால் இருந்தது ஒரு பாடத்தின் வினாத்தாளாகத் தெரியவில்லை. கரூரில் அடமானத்தில் இருந்த நிலமாகத் தெரிந்தது. 3.7 வாங்கித் தேறினேன். என்னோடு படித்த ஒரு தம்பி தேறவில்லை. அவர் நல்ல மாணவர். ஊரில் தன் கல்லூரியில் முதல் பத்துப் பேரில் ஒருவராக இருந்தவர். மூன்றாவது முடிவு வந்தபின் ஆறு மாதம் அவர் வீட்டாரிடம் சொல்லவேயில்லை. வகுப்புக்குப் போவதுபோல் பையோடு நூலகத்துக்குப் போய்வந்தார். அவருக்கு முதல் பருவத்திலேயே யாராவது ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து தேர்வு விதிமுறையைப் படித்துக் காட்டியிருந்தால், பாதிப் பாடங்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்திருப்பார் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என் இரண்டாவது வேண்டுகோள் அந்த அரைமணி நேரம். ஒவ்வொரு புதிய மாணவரோடும், அதே துறையில் படிக்கும் சீனியர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து உட்கார வேண்டும். அந்தத் துறையின் தேர்வு விதிமுறையில் வாய்ப்புகள் எத்தனை, பதியக் கெடு எது, விலகக் கெடு எது, உடல்நலமில்லாவிட்டால் எத்தனை நாளுக்குள் எங்கே சான்று தர வேண்டும் என்ற வரிகளைத் தேடிப் படித்து, தேதிகளை அந்தப் பிள்ளையின் செல்பேசிக் காலண்டரில் போட்டுவிட்டு எழ வேண்டும். விதிமுறை ஜெர்மன் மொழியில் இருக்கும். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புக்கும் அப்படியே. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள் என்று விட்டுவிடாதீர்கள். மேலும், ஒவ்வொரு துறையிலும் மாணவர்களே நடத்துகிற ஃபாக்ஷாஃப்ட் என்ற குழு உண்டு. பல இடங்களில் பழைய வினாத்தாள்கள் அவர்களிடம் இருக்கும். ஜெர்மன் மாணவர்கள் முதல் வாரத்திலேயே அங்கே போய்விடுகிறார்கள். நம்மவர்கள் அந்த அறைக் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு, தேர்வுக்கு முந்தைய இரவு நம்மவர்களிடமே வினாத்தாள் தேடுகிறார்கள். முதல் முறை கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

தாமதமாக வருபவருக்கு வகுப்பறையிலும் ஒரு நஷ்டம் காத்திருக்கிறது. ஆய்வகப் பயிற்சிக்கான குழுக்கள் முதல் இரண்டு வாரத்திலேயே அமைந்துவிடுகின்றன. நவம்பரில் வருபவருக்கு இடமில்லை என்றால், அதே பயிற்சி அடுத்த ஆண்டுதான் திரும்ப வரும். வருவதற்கு முன்பே பேராசிரியருக்கும் பாட ஒருங்கிணைப்பாளருக்கும் விசா தாமதத்தைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினால் பலர் இடம் பிடித்துவைக்கிறார்கள். இது என் சொந்த அனுபவத்தில் பிற்காலத்தில் வந்த மாணவர்களுக்குச் செய்து பார்த்து உறுதியானது. ஆனால் அப்படியொரு மின்னஞ்சல் எழுதலாம் என்பதே ஊரிலிருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று மரியாதையோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் மரியாதையாகக் கொள்ளப்படும் அந்த மௌனம் இங்கே அக்கறையின்மையாகப் படிக்கப்படுகிறது.

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். கடன் வாங்கி வந்தவரிடம் வேலை செய்யாதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் வந்த இரண்டாம் வாரத்திலேயே உணவு விநியோக மிதிவண்டியை எடுத்துக்கொடுத்து, முதல் பருவம் சும்மா போனால் பரவாயில்லை என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் பருவம் சும்மா போகாது. அது மூன்று வாய்ப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். கிறிஸ்துமஸ் வரையாவது வகுப்பை மட்டும் பார் என்று சொல்லும் ஒரு மூத்த குரல் அவர்களுக்கு வேண்டும். அதுவரையில் அரிசி பருப்புக்குக் கஷ்டம் என்றால் அதைத் தாங்கிக்கொள்ள நம் சங்கங்களால் முடியும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்குத் தாளோ கையெழுத்தோ வேண்டியதில்லை.

அக்டோபரின் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைக்கிறோம். அன்று முதல் இந்தியாவுக்கும் நமக்கும் நாலரை மணி நேர இடைவெளி. டிசம்பர் நடுவில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைக்கு இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஊரில் இரவு பத்தரை, அம்மா தூங்கியிருப்பார். பேச ஆளில்லாத அந்த நேரம்தான் கனமானது. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடியே வைத்தால் சுவரில் பூஞ்சை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜெர்மன் மாணவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட, விடுதித் தாழ்வாரத்தில் ஒரேயொரு அறையில் மட்டும் விளக்கு எரியும். அந்த அறை பெரும்பாலும் நம் பிள்ளையுடையது.

இந்த நேரத்தில் ஒருவர் வந்து கதவைத் தட்ட வேண்டும். நான் கேட்பது அவ்வளவே. சாப்பிட்டாயா என்று குறுஞ்செய்தி அனுப்பினால் சாப்பிட்டேன் அண்ணா என்று பதில் வந்துவிடும். நேரில் போனால்தான் மூன்று நாள் ரொட்டியும் ஜாமும் என்பது தெரியும். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டவர், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பவர், திறக்காத கடித உறைகளை மேசையில் அடுக்கிவைத்திருப்பவர் என்று நேரில் பார்த்தால் புரிந்துவிடும். அந்த உறைகளையும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். வானொலி தொலைக்காட்சிக் கட்டணமாக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு வரும் கடிதத்தை ஏமாற்று வேலை என்று நினைத்துப் போட்டுவைத்திருந்து, பின்னால் அபராதத்தோடு கட்டியவர்கள் பலர். மனம் தளர்ந்தவருக்குப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் நல அமைப்புகளிலும் இலவச உளவியல் ஆலோசனை உண்டு. ஆனால் அங்கே முதல் முறை தனியாகப் போக யாருக்கும் கால் வராது. வாசல் வரை கூடப் போங்கள்.

விழாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளி பெரும்பாலும் பருவம் தொடங்கிய முதல் வாரங்களில் வருகிறது. பொங்கல், தேர்வுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் வருகிறது. மண்டபம் பிடித்து, கலைநிகழ்ச்சி வைத்து, இருநூறு முந்நூறு பேருக்குச் சமைக்க நம்மால் முடிகிறது. ஈழத்து உறவுகள் வெறுங்கையோடு வந்து, இந்த நாட்டில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தி, ஹாம் நகரில் 2002-இல் கோபுரத்தோடு காமாட்சி அம்மன் கோயிலையே எழுப்பியிருக்கிறார்கள். ஒழுங்காகத் திட்டமிட்டுக் கூட்டாக ஒன்றைச் செய்யத் தெரியாத சமூகம் அல்ல நாம். ஆகவே விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீபாவளி மண்டபத்தின் ஓரத்தில் நான்கு மேசை போடுங்கள் என்கிறேன். ஒன்றில் அறைப் பட்டியல். ஒன்றில் துறைவாரியாகச் சீனியர்கள், மடிக்கணினியோடு. ஒன்றில் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஜெர்மன் தெரிந்த இரண்டு பேர். இங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பணி இல்லை. இன்னொன்றில் பழைய குளிர் அங்கிகள், போர்வைகள், பாத்திரங்கள். புதிய பிள்ளைகள் சாப்பாட்டுக்கு எப்படியும் வருவார்கள். கைகழுவும் வழியில் அந்த மேசைகள் இருக்கட்டும். பொங்கலன்று அதே மேசைகளைப் போட்டு, எத்தனை தேர்வுக்குப் பதிந்திருக்கிறாய், எதிலிருந்து விலக வேண்டும் என்று கேளுங்கள்.

மாணவர் குழுக்களை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் தேர்வு இருக்கிறது, வேலை இருக்கிறது என்பதை அறிவேன். ஒருவர் ஒரே ஒருவரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். குழுவில் வருகிற கேள்விக்குத் தெரிந்தால் பதில் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் சொல்லாமல் தேர்வு அலுவலகத்தின் பார்வை நேரத்தை அனுப்புங்கள். உங்கள் துறையில் சரியாக இருந்த பதில் அடுத்த கட்டடத்தில் இருப்பவரின் ஓராண்டைக் கெடுத்துவிடக்கூடும்.

நானும் வெறுமனே கேட்டுவிட்டுப் போகவில்லை. படிப்பை முடித்து, ஜெர்மனியின் மேற்கிலுள்ள ரூர்ப் பகுதியில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். என் வீட்டில் ஓர் அறை, முகவரிப் பதிவோடு, ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய ஒரு மாணவிக்காகக் காலியாக வைக்கப்பட்டிருக்கும். முதல் மாதத்துக்கு வாடகை கிடையாது. இயந்திரவியல், மின்னியல் படிப்பவர்களோடு தேர்வு விதிமுறையைப் படிக்க நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை பிற்பகல்களை ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும்படி பொறுப்பாளர்களிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கடைக்கார அம்மா இப்போது கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டார். மேல்தளத்து அறையை இந்தப் பருவத்துக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தபால் பெட்டியில் ஒட்ட வேண்டிய பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் முழுதாக எழுதி அனுப்பச் சொன்னார்.

வகுப்புகள் தொடங்கும் முன்பு உங்கள் ஊர்ப் பட்டியலும் தயாராகிவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
2018 குளிர்காலப் பருவத்தில் ஒரு மாதம் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு மாணவி